ஐந்து மடங்கா, ஒன்றரை மடங்கா?

தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ரயில் தூரம் அல்ல, வசதியின் தூரத்தைக் கேட்கிறேன். 2022-23ஆம் ஆண்டின் மாநில வருமானக் கணக்கைப் பார்த்தால், தமிழ்நாட்டின் தலா வருமானம் பீகாருடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதே ஆண்டை ஒட்டி நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்த்தால், கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு தமிழ்நாட்டில் 5,310 ரூபாய், பீகாரில் 3,384 ரூபாய். ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். இரண்டையும் வெளியிட்டது ஒரே அமைச்சகம்.

"ஒரே கவர்மெண்ட் ரெண்டு கணக்கு எழுதுமா மாமா?" என்று என் அக்கா மகன் கேட்டான். வருமான வரிக்குப் பயந்து கடைக்காரர்கள் இரண்டு நோட்டு வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். அந்தப் புத்தியில் கேட்டுவிட்டான்.

அவன் கேட்ட ஆள் சரியான ஆள்தான். அந்த இரண்டாவது எண்ணுக்காகக் கதவு தட்டியே நான் பென்ஷன் வாங்குகிறேன். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு என்பது ஏட்டுப் பெயர். எங்களுக்குள் 'சாம்பிள் சர்வே' என்போம். ஊர்க்காரர்கள் எங்களை ரேஷன் கார்டு சார், மலேரியா சார், ஓட்டு சார் என்று வாய்க்கு வந்த பெயரில் கூப்பிடுவார்கள். 1983இல் நடந்த 38வது ரவுண்டுதான் நான் வேலை கற்றுக்கொண்ட பெரிய ரவுண்டு. அதன் பிறகு 43, 50, 55, 61 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்த பெரிய ரவுண்டுகள் எல்லாவற்றிலும் இருந்தேன். தமிழ்நாட்டில் பாதி, பீகாரிலும் ஒடிசாவிலும் மீதி. ஒரு மாநிலத்தைவிட இன்னொரு மாநிலம் எவ்வளவு ஏழை என்று சொல்லும் இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது என்பதை என் அக்கா மகனுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இந்தக் கணக்கைத் துணிந்து போட்டவர் சர்க்கார் ஆள் அல்ல. தாதாபாய் நௌரோஜி பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர். பிறகு லண்டனில் பருத்தி வியாபாரம் பார்த்தார். 1867-68இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தலைக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று மதிப்பிட்டார். அதை விரித்து 1876இல் பம்பாயில் ஒரு கட்டுரையாக வாசித்தார். அவர் மொத்தமாக ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பஞ்சாப், வங்காளம், சென்னை, பம்பாய், மத்திய மாகாணம், வடமேற்கு மாகாணம் என்று தனித்தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். விளைந்த பரப்பு எவ்வளவு, ஏக்கருக்கு மகசூல் என்ன, அந்த ஊர் விலை என்ன என்று பார்த்தார்.

போட்டபோது ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மாகாண அதிகாரிகள் அனுப்பிய சராசரிகள் எல்லாம், ஒரு மாவட்டத்து மகசூலையும் அடுத்த மாவட்டத்து மகசூலையும் கூட்டி இரண்டால் வகுத்தவை. ஒரு மாவட்டத்தில் பயிர் லட்சம் ஏக்கர், மற்றதில் ஆயிரம் ஏக்கர் என்றால் இரண்டுக்கும் ஒரே எடை கொடுப்பது எப்படிச் சரியாகும்? இது தவறு என்று அவர் எழுதினார். இன்றைக்குப் புள்ளியியல் முதல் செமஸ்டரில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அன்றைக்கு அதைச் சொல்ல ஒரு பருத்தி வியாபாரி வேண்டியிருந்தது.

இன்னொரு காரியமும் செய்தார். சிறைக் கைதிக்குச் சோறும் துணியும் கொடுக்க சர்க்காருக்கு என்ன செலவாகிறது என்று மாகாணவாரியாக எடுத்து, அதைத் தம் தலா வருமானத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியில் உழைத்துப் பிழைப்பவனுக்கு, உள்ளே அடைபட்டுக் கிடப்பவனுக்கு ஆகும் செலவுகூடக் கிடைக்கவில்லை. 'வறுமைக்கோடு' என்ற சொல்லே இந்தியாவில் இல்லாத காலத்தில், சர்க்காரின் சொந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்தே ஒரு கோட்டை உருவி எடுத்துவிட்டார் மனிதர்.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1882இல் சர்க்காரின் நிதி அதிகாரிகள் பேரிங்கும் பார்பரும் 27 ரூபாய் என்றார்கள். நூற்றாண்டு திரும்பும்போது வைஸ்ராய் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். வில்லியம் டிக்பி, இல்லை, 17 ரூபாய்போலத்தான் என்று 1901இல் தடித்த புத்தகம் போட்டார். டிக்பி நம் ஊருக்குத் தெரிந்தவர்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னையில் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்தவர், தெருவில் பிணங்களைப் பார்த்தவர். கர்சன் பார்த்தது கோப்பு. ஒரே நாட்டுக்கு 17, 30 என்று இரண்டு எண்கள் வருவது அன்றே தொடங்கிவிட்டது. எந்தப் பக்கத்தில் நின்று அளக்கிறோம் என்பதும் அளவுக்குள் வந்துவிடும்.

இவர்கள் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. வீட்டுக்குள் போன பெருமையில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. அங்கே முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும்போது நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். அப்படித்தான் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலி கங்கைகொண்டான், தஞ்சை பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டு தூசி, ராமநாதபுரம் வடமலைபுரம் எல்லாம் 1918இல் அச்சேறின. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். ஒரே ஊருக்கு இருபது வருஷம் கழித்துத் திரும்பப் போவது என்ற யோசனை அப்போதைக்குப் பெரிய விஷயம். ஆனால் ஐந்தாறு ஊரை வைத்துக்கொண்டு ஜில்லாவுக்கும் ஜில்லாவுக்கும் நடுவே உள்ள ஏற்றத்தாழ்வைச் சொல்ல முடியாது.

அதற்கு மகாலனோபிஸ் வர வேண்டியிருந்தது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், வங்காளத்துச் சணல் பயிரை மாதிரி முறையில் அளந்து கை பழகியவர். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மகாலனோபிஸ் சேர்த்தது அந்தச் சோற்றை எடுப்பதற்கு முன் பானையை நன்றாகக் கிளறி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. அந்த முறையில் 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் ரவுண்டு தொடங்கியது. கிராமங்கள் மட்டும்தான்: நாட்டின் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் 1,833.

அந்த முதல் ரவுண்டுக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. மெட்ரிக் அளவைச் சட்டமே 1956இல்தான் வந்தது. கிலோ ஊருக்குள் வந்து சேர 60கள் ஆயிற்று. அதுவரை சென்னையில் பட்டணம் படி, தஞ்சாவூரில் மரக்கால், கடையில் வீசையும் பலமும். வடக்கே சேர், மணு. சேரிலும் கச்சா சேர், பக்கா சேர் என்று இரண்டு. அதிலும் இந்த ஊர்ச் சேர் வேறு, ஆற்றுக்கு அந்தக் கரைச் சேர் வேறு. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் அளவைகளை ஒரே அளவைக்குக் கொண்டுவந்து, பத்துப் பதினைந்து மொழிகளில் கேட்டு எழுதி, அதன் பிறகே பஞ்சாபி உழவன் எவ்வளவு சாப்பிடுகிறான், ஒரிய உழவன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்ற ஒப்பீடு. எங்கள் காலத்தில் தராசாவது ஒன்றாக இருந்தது.

எங்கள் வேலை இதுதான். சாம்பிளில் விழுந்த கிராமத்துக்குப் போய் முதலில் எல்லா வீடுகளையும் லிஸ்ட் எடுக்க வேண்டும். வசதியான வீடுகளைத் தனியாகப் பிரித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் விதிப்படி சில வீடுகளை எடுக்க வேண்டும். பிறகு கேள்வித்தாளை, எங்கள் பேச்சில் ஷெட்யூலை, விரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டும். முந்நூறு சாமானுக்கு மேல் கேட்க வேண்டும். ரேஷன் அரிசி, கடை அரிசி, கோதுமை, உப்பு, மஞ்சள், பீடி, வெற்றிலை, விறகு, வரட்டி, செருப்பு, சினிமா, பள்ளிக்கூட ஃபீஸ் என்று வரிசையாக. ஷெட்யூல் நாடு முழுக்க ஒன்றுதான். அதனால் தானியத்துக்குப் பதில் சாப்பிடுவது என்ற தலைப்பில் மரவள்ளியும் பலாக்கொட்டையும் இருக்கும். அது கேரளத்துக்காக. பருப்பு வரிசையில் கேசாரி இருக்கும். தமிழ்நாட்டில் இருந்தவரை நான் அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணும் எழுதியதில்லை. பீகாரில் அது ஏழை வீட்டுப் பருப்பு. நிறையச் சாப்பிட்டால் காலை முடக்கிவிடும் என்று தெரிந்தே சாப்பிடுவார்கள். அங்கே போன பிறகுதான் எந்தெந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது என்று பார்க்கவும் பழகினேன்.

விருத்தாசலம் பக்கம் ஒரு கிழவி என்னைக் கேட்டாள்: "ஏன் தம்பி, நான் கொழம்புல எத்தன உப்பு போட்டன்னு டில்லிக்கு எதுக்கு?" அவளுக்குச் சொல்ல என்னிடம் அப்போது நல்ல பதில் இல்லை. "மேல கேக்கறாங்க ஆயா" என்று ஒப்பேற்றினேன்.

உப்பைப் பற்றி டில்லியில் பெரிய சண்டையே நடந்தது, அவளுக்குத் தெரியாது. போன முப்பது நாளில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பதா, போன ஏழு நாளில் எவ்வளவு என்று கேட்பதா என்பதுதான் சண்டை. 1950களிலேயே மகாலனோபிஸ் குழு, வீட்டில் சமைப்பதைத் தராசில் நிறுத்துப் பார்த்து, முப்பது நாள் கேள்விதான் நிஜத்துக்குக் கிட்டே வருகிறது என்று முடிவு செய்திருந்தது. நாற்பது வருஷம் அப்படியே ஓடியது. 1990களின் நடுவில், பாதி வீடுகளில் முப்பது நாள், பாதி வீடுகளில் ஏழு நாள் என்று பிரித்துக் கேட்டுப் பரிசோதித்தார்கள். ஏழு நாள் கேள்விக்கு வந்த பதிலை மாதத்துக்குப் பெருக்கினால் சாப்பாட்டுச் செலவு முப்பது சதவீதம்போல் கூடிவிட்டது. கேள்வியை மட்டும் மாற்றினால் நாட்டில் ஏழைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகிவிடும் என்ற நிலை. ஒரு குடும்பத்துக்கும் ஒரு பிடி அரிசி கூடக் கிடைக்காமலே இத்தனை கோடிப் பேர் வறுமையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்!

1999-2000இல், 55வது ரவுண்டில், ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக இரண்டையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஏழு நாளில் ரெண்டு கிலோ என்று சொன்ன அம்மாவிடம் அடுத்த மூச்சிலேயே முப்பது நாளில் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வாள்? நாலால் பெருக்கி, கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள். இரண்டு விடையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அந்த ரவுண்டிலிருந்து வறுமை 26.1 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் 36 சதவீதம். இது நிஜ இறக்கமா, கேள்வித்தாள் இறக்கமா என்று உலகத்துப் பொருளாதார நிபுணர்கள் எல்லாம் மோதிக்கொண்டார்கள். ஆங்கஸ் டீட்டன் இதற்காகவே ஒரு தொகுப்பு நூலைச் சேர்ந்து பதிப்பித்தார். 2015இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது, எங்கள் கட்டங்களும் அந்தப் பதக்கத்தில் ஒரு ஓரத்தில் இருக்கின்றன என்று நாங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

மாநிலங்களை ஒப்பிடுவதில் இதைவிட ஆழமான ஒரு சிக்கல் இருந்தது. அதைச் சரிசெய்யாமலே பதினாலு வருஷம் போனது. 1979இல் கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வைத்து ஒரு வறுமைக்கோடு போட்டார்கள். 1973-74 விலையில் கிராமத்தில் மாதம் 49 ரூபாய் 9 பைசா, நகரத்தில் 56 ரூபாய் 64 பைசா. கேரளத்துக்கும் அந்த ஒரே கோடுதான், பீகாருக்கும் அதுதான். விலை ஏறும்போது கோட்டை உயர்த்தியதும் நாடு முழுக்க ஒரே விகிதத்தில்தான். பீகாரின் சாப்ராவில் அரிசி என்ன விலை, கேரளத்தின் கோட்டயத்தில் என்ன விலை என்று பார்க்கவே இல்லை. 1993இல் லக்டாவாலா குழுதான் மாநிலத்துக்கு மாநிலம் தனி விலை, தனிக் கோடு என்று மாற்றியது. மாற்றியதும் 1987-88இன் அகில இந்திய வறுமை 29.9 சதவீதத்திலிருந்து 39.3 ஆனது. பிறகு டெண்டுல்கர் குழு வந்தது, கோடு இன்னும் மாறியது. ரங்கராஜன் குழு வந்தது, மறுபடியும் மாறியது. நகரத்துக்கு நாளைக்கு 32 ரூபாய் என்று 2011இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டக் குழு சொன்னதும் நாடே சிரித்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன்.

இப்போது அக்கா மகனின் கேள்விக்கு வருகிறேன்.

பீகாரில் சாரண் ஜில்லாவில் இருந்தேன். கங்கைக்கு வடக்கே, சாப்ராவுக்குப் பக்கம். ஒரு கிராமத்துக்குப் போனால் வயசான ஆண்கள், பெண்கள், குழந்தைகள். வேலை செய்கிற வயதில் ஆண் முகத்தைத் தேட வேண்டும். இது இன்று நேற்று வந்ததல்ல. அந்த ஜில்லாவில் பிறந்த நாடகக்காரர் பிகாரி டாக்கூர், பிழைக்கக் கல்கத்தாவுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் பெண்ணை வைத்து 'பிதேசியா' என்ற நாடகம் போட்டார். நூறு வருஷத்துக்குப் பக்கமாகிறது, இன்றும் ஆடுகிறார்கள். முக்காடு போட்ட மருமகள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். மாமனார் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொல்வார். உப்பும் எண்ணெயும் அவருக்குத் தெரியாது. உள்ளே பார்த்துக் கேட்பார். பதில் மெல்லிய குரலில் வரும். நான் எழுதிக்கொள்வேன். தபால்காரர் மணியார்டர் கொண்டுவரும் நாள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வீட்டுச் செலவு ஷெட்யூலில் ஏறியது. ஆனால் அந்தப் பணத்தைச் சம்பாதித்த உழைப்பு பீகாரின் வருமானக் கணக்கில் இல்லை. அது பஞ்சாபில், கல்கத்தாவில், இன்றைக்கென்றால் திருப்பூரில் இருக்கிறது. பீகாரின் சிவானிலிருந்து வந்த பையன் பனியன் கம்பெனியில் தைத்த பனியன் தமிழ்நாட்டின் உற்பத்தி. அவன் ஊருக்கு அனுப்பிய பணத்தில் அம்மா வாங்கிய கோதுமை பீகாரின் நுகர்வு. உற்பத்தியை அளந்தால் ஐந்து மடங்கு, வயிற்றை அளந்தால் ஒன்றரை மடங்கு. நடுவில் தொங்குவது அந்தப் பையன். இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஆனால் அவன் இல்லாத வீட்டுக்கு என்ன விலை என்று கேட்கும் கட்டம் எந்த ஷெட்யூலிலும் இல்லை.

இது முழு விளக்கம் ஆகாது என்று சொல்லியாக வேண்டும். கம்பெனி லாபம், சர்க்கார் செலவு எல்லாம் உற்பத்திக் கணக்கில் வரும், வீட்டுக் கணக்கில் வராது. எங்கள் விதிகளே சில இடங்களில் ஏற்றத்தாழ்வைக் குழப்பும். கூலியாள் மதியம் பண்ணை வீட்டில் சாப்பிட்டால் அந்தச் சோறு பண்ணையார் வீட்டு நுகர்வில்தான் ஏறும், சாப்பிட்டவன் வீட்டில் ஏறாது. தமிழ்நாட்டில் ரேஷனில் இலவசமாக வாங்கும் அரிசிக்கு மதிப்புப் போட்டு ஒரு கணக்கு, போடாமல் ஒரு கணக்கு என்று 2022-23இல்தான் இரண்டாகப் பிரித்து வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன 5,310 ரூபாய் மதிப்புப் போடாத கணக்கு.

ஆரம்பத்திலேயே இவ்வளவு தூரம் இருந்ததா என்றால், தூரம் இருந்தது, இவ்வளவு இல்லை. 1960-61இலும் பீகார் கடைசிதான். ஆனால் அன்று மேற்கு வங்கம் நாட்டுச் சராசரிக்கு மேலே இருந்தது, இன்று கீழே. 1950களில் தொடங்கி 90களின் தொடக்கம் வரை இரும்பு, எஃகு எந்த ஊருக்குப் போனாலும் ஒரே விலை என்று ரயில் கட்டணத்தைச் சமன் செய்தது மத்திய அரசு. இரும்பும் நிலக்கரியும் காலடியில் கிடந்தவர்களுக்கு அந்த ஒரே அனுகூலமும் போயிற்று. மேற்கிலும் தெற்கிலும் தொழிற்சாலை வைத்தவர்களுக்குச் சௌகரியம். நம் பம்ப்செட்டுகளுக்கும் மோட்டார்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்வதில்லை.

அளந்த எண்ணை வைத்துத்தான் பணம் போகிறது. 1969இல் காட்கில் சூத்திரம் என்று ஒன்று வந்தது. திட்டப் பணத்தில் 60 சதவீதம் மக்கள்தொகைக்கு, 10 சதவீதம் தலா வருமானத்தில் பின்தங்கியவர்களுக்கு, மீதி வேறு காரணங்களுக்கு. நிதிக் குழுக்கள் வருமான இடைவெளிக்குக் கொடுத்த எடை காலப்போக்கில் ஏறி இறங்கியது. பதினைந்தாவது நிதிக் குழுவில் அது 45 சதவீதம். அந்தக் குழு சொன்னபடி பகிர்ந்து கொடுத்த மத்திய வரியில் பீகாருக்கு 10.058 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079. நம் ஊரில் இதைச் சொல்லித் திட்டாத மேடை இல்லை. சாரண் ஜில்லாவில் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் பீகாருக்குப் போகும் பணத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிவதில்லை. என் கோபம் வேறு: இடைவெளியை எந்த எண்ணால் அளப்பது என்பதை, அந்த எண்ணைக் கதவு தட்டிக் கொண்டுவந்தவர்களோ கொடுத்தவர்களோ ஒருநாளும் தீர்மானித்ததில்லை.

2013இல் ரகுராம் ராஜன் தலைமையில் ஒரு குழு, மாநிலங்களைப் பத்து அளவுகோல்களால் வரிசைப்படுத்தியது. ஒடிசா மிகப் பின்தங்கியது, அடுத்தது பீகார். கோவாவும் கேரளமும் தமிழ்நாடும் முன்னேறிய வரிசையில். அந்தப் பத்தில் ஒன்றாகத் தலா வருமானத்துக்குப் பதில் எங்கள் நுகர்வுச் செலவை வைத்தார்கள். குழுவில் இருந்த பாட்னா பொருளியலாளர் சைபல் குப்தா ஒத்துக்கொள்ளவில்லை. வருமானத்தை வைத்தால்தான் பீகாரின் பள்ளம் தெரியும், நுகர்வை வைத்தால் பள்ளம் மேடாகத் தெரியும் என்ற பொருளில் தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்தார். ஐந்தா, ஒன்றரையா என்ற கேள்வி அரசாங்கக் காகிதத்திலேயே அப்படி ஏறிவிட்டது.

மாநிலத்துக்கு மாநிலம் அளப்பதும் போதாது. மகாராஷ்டிரத்தில் விதர்பாவும் மராத்வாடாவும் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்று தாண்டேகர் குழு 1984இல் துறைவாரியாகக் கணக்குப் போட்டது. கர்நாடகத்தில் நஞ்சுண்டப்பா குழு 2002இல் தாலுகா தாலுகாவாக இறங்கி, 175இல் 114 பின்தங்கியவை என்றது. நாங்கள் தமிழ்நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருந்தோம். உள்நாட்டு மண்டலத்தில் கோயம்புத்தூரும் தருமபுரியும் ஒன்றாக இருந்தன. கோயம்புத்தூர் மில்காரர் செலவும் பென்னாகரம் கூலியாள் செலவும் ஒரே சராசரியில் கலந்து வரும். நௌரோஜி கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? 2025 ஜனவரி முதல்தான் மாவட்டத்தை அடிப்படை அடுக்காக வைத்து மாதிரி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தாமதம்தான் என்றாலும் நல்ல காரியம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது 2017-18இன் 75வது ரவுண்டு. ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்கை, தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் கைவிட்டார்கள். கிராமத்துச் செலவு குறைந்திருப்பதாக அதற்கு முன்பே பத்திரிகையில் கசிந்திருந்தது. வெளியிடுங்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்துப் போட்டும் வரவில்லை. தரம் குறைவான கணக்கை வெளியிட்டு, இதில் இன்ன குறை என்று எழுதுவதுதான் எங்கள் தொழிலின் மரபு. 55வது ரவுண்டை அப்படித்தான் செய்தோம், சண்டை போட்டோம், அதிலிருந்து கற்றுக்கொண்டோம். 2011-12க்குப் பிறகு அடுத்த கணக்கு 2022-23க்குத்தான் வந்தது. நடுவில் நோட்டு செல்லாமல் போயிற்று, ஜிஎஸ்டி வந்தது, கொரோனா வந்து போயிற்று. இவை எந்த மாநிலத்தை எவ்வளவு அடித்தன என்று சொல்ல நமக்குத் தொடர்ச்சியான அளவு இல்லை. கேள்விமுறையும் மாறிவிட்டதால் பழையதோடு நேராக ஒப்பிடவும் முடியாது. 2021 மக்கள்தொகைக் கணக்கும் தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். கிராமங்களைத் தேர்ந்தெடுக்க எங்கள் ஆட்கள் வைத்திருப்பது இன்னும் 2011ஆம் ஆண்டுப் பட்டியல்.

கடைசியாக ஒரு விஷயம். இதற்கு டில்லியைத் திட்ட முடியாது. 1970களின் தொடக்கத்தில், எங்கள் சர்வே சொன்ன மொத்தச் செலவும் தேசிய வருமானக் கணக்கு சொன்ன மொத்தச் செலவும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருந்தன. 2010 வாக்கில் எங்களுடையது ஏறத்தாழ பாதி. இதற்குப் பல காரணம் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்த காரணம், பணக்காரன் கதவு திறப்பதில்லை. குடிசையில் பாய் விரித்து உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் பதில் சொல்லி, மோர் கொடுத்து அனுப்புவார்கள். அடுக்குமாடி வாசலில் காவலாளி, "செகரட்டரிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க சார்" என்பார். செகரட்டரி பார்க்க மாட்டார். விதிப்படி வேறு வீட்டுக்குப் போவோம். 2022-23இல் பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வைத்திருக்கும் வீடுகளை நகரத்தில் தனி அடுக்காகவே பிரித்தார்கள், அவர்கள் நழுவக்கூடாது என்று. அடுக்குப் பிரிக்கலாம், கதவை யார் திறப்பது?

அப்படித் திறக்காத கதவுகள் சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும்தான் அதிகம், சாப்ராவில் கொஞ்சம். சாப்ரா வீடு தன் உப்பு வரை சொல்லிவிடுகிறது. அண்ணா நகர் வீடு தன் காரைக்கூடச் சொல்லாது. அந்த ஒன்றரை மடங்கில் உங்கள் மௌனமும் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் அடுக்குமாடியில் இருப்பீர்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக யாராவது வந்து, சாம்பிள் சர்வே என்று சொன்னால், அட்டையைச் சரிபாருங்கள், உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள், கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லுங்கள். செகரட்டரி கடிதம் கேட்காதீர்கள்.